கைப்பிள்ளையோடு தனியாக விமானம் ஏறும் தங்கச்சிக்கு

கேள்வி:

டொக்டர் அக்கா, எனக்கு ஏழரை மாதத்தில் ஒரு மகள் இருக்கிறாள். இவர் கட்டாரில் வேலை. அடுத்த மாதம் சென்னையில் என் அண்ணனுக்குக் கலியாணம். அம்மாவும் அப்பாவும் இரண்டு கிழமைக்கு முன்னமே போய்விடுவார்கள். நான் பிள்ளையோடு தனியாகத்தான் கட்டுநாயக்காவில் ஏற வேண்டும். நாலு நாளில் திரும்பி வந்துவிடுவேன். இதற்கு முன் ஒருமுறைகூட விமானத்தில் போனதில்லை. மாமி சொல்கிறா, "என்னகா யோசிக்கிறாய், சளிமருந்து ரெண்டு கரண்டி குடு, மெட்ராசில போய்த்தான் புள்ள கண் முழிக்கும்" என்று. பக்கத்து வீட்டு அக்கா, காதுச் சவ்வு கிழிந்துவிடும் என்கிறா. பிள்ளை வீரிட்டு அழுதால் மற்ற ஆட்கள் ஏசுவார்களோ? வாந்தி எடுத்தால் என்ன செய்வது? யோசித்து யோசித்து நித்திரை இல்லை. போகாமல் விட்டுவிடவா?

களுவாஞ்சிகுடி வாசகி

பதில்:

தங்கச்சி, போங்கள். அண்ணனின் கலியாணத்தை விட்டுவிடுவதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நிறைமாதத்தில் பிறந்து, கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும், இருதயத்திலோ நுரையீரலிலோ குறையில்லாத பிள்ளைக்கு இந்த ஒன்றரை மணித்தியாலப் பறப்பு பாரமில்லை. மேலே போனதும் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும். அதிகமாகக் குறைந்தாலும் ஏறக்குறைய 2,400 மீற்றர் உயரமான மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். நம் நாட்டின் பிதுருதலாகலை உச்சியே 2,524 மீற்றர். அந்தக் காற்றைச் சுகமான பிள்ளை தாங்கும். ஆனால் மகள் குறைமாதத்தில் பிறந்து ஒட்சிசன் வைக்கப்பட்டவள், இருதயக் கிளினிக்குக்குப் போகிறவள், அடிக்கடி இழுப்பு வருகிறவள் என்றால் கதை வேறு. அப்படியிருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் அவளைப் பார்க்கிற வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாலு பயம் எழுதியிருக்கிறீர்கள், நாலும் பிள்ளையைப் பற்றியவை. நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள், பையை யார் தூக்குவது, உங்களுக்கு மலசலகூடம் போக வேண்டி வந்தால் பிள்ளையை யார் வைத்திருப்பது என்று ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருடத்தில் நான் கண்டது, இப்படியான பயணத்தில் முதலில் சோர்ந்து போவது தாய்தான். பிள்ளைக்குப் பாலும் உங்கள் மடியும் இருந்தால் அது வீடுதான். ஆகவே பயணத் திட்டத்தை உங்கள் உடம்புக்கும் உங்கள் இரண்டு கைகளுக்கும் ஏற்றபடி போடுவோம். பிள்ளை தானாக அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் அந்தச் சளிமருந்து. வேண்டவே வேண்டாம். நித்திரைக்கென்று நம் வீடுகளில் கொடுக்கிற சிரப்புகளில் இருப்பது குளோர்பெனிரமின் அல்லது புரோமெதசீன். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் புரோமெதசீன் கொடுக்கக் கூடாது. மூச்சை அடக்கிவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. குளோர்பெனிரமினையும் நித்திரைக்காகக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஒட்சிசன் கொஞ்சம் குறைந்த இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு மூச்சை மந்தமாக்கும் மருந்து கொடுப்பது எப்படி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சில பிள்ளைகளில் இது நேர்மாறாகவும் வேலை செய்யும். நித்திரை வராது, கண்ணை அகல விழித்துக்கொண்டு கையும் காலும் அடித்து மணிக்கணக்கில் அழும். மாமி பிள்ளையில் உள்ள பாசத்தில்தான் சொல்கிறா. அவவோடு வாதாட வேண்டாம். "டொக்டர் கூடாது எண்டு சொல்லிப்போட்டா" என்று பழியை என்னில் போட்டுவிடுங்கள்.

காதைப் பற்றி. நடுக்காதில் இருந்து தொண்டையின் பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் குழாய் வருகிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து இரண்டு பக்கக் காற்றும் சமமாகும். விமானம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று தானாக வெளியே கசிந்துவிடும், பெரிய கரைச்சல் இல்லை. இறங்கும்போதுதான் வெளியழுத்தம் கூடிச் சவ்வை உள்ளே இழுக்கும். வலிப்பது அப்போதுதான். சுகமான காது அநேகமாகக் கிழியாது, வலிக்கும். சின்னப் பிள்ளைகளில் அந்தக் குழாய் ஒடுக்கமானது, அவர்களாக விழுங்கிச் சமாளிக்கவும் தெரியாது. அதனால் நாம் விழுங்க வைக்க வேண்டும்.

இதை வைத்தியராகப் படித்திருந்தும் தாயாக ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன். மகனுக்கு ஒன்பது மாதம். நானும் அவனும் மட்டும் திருச்சிக்குப் போனோம். ஓடுபாதையிலேயே விமானம் நின்றுகொண்டிருந்தது, அவன் சிணுங்கினான், வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டேன். இறங்கத் தொடங்கியபோது அவனுக்குப் பசியே இல்லை. மார்பைத் தள்ளிவிட்டு, காதைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க அழுதான். பக்கத்தில் அக்கரைப்பற்றில் இருந்து வந்த ஓர் உம்மா. "புள்ளைக்கித் தண்ணி வச்சிரிக்கீங்களா?" என்று கேட்டா. என் பையில் இருந்த ஆறின தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையின் கரண்டியால் ஒரு சொட்டு, ஒரு சொட்டாக அவ வாயில் விட்டா. ஒரு மிடறு விழுங்கினான், அழுகை நின்றது. பத்து வினாடியில் மறுபடி முகம் சுருங்கியது. இன்னொரு கரண்டி. சக்கரம் தரையைத் தொடும்வரை அந்தத் தாய் கை ஓயவில்லை. குழாய் ஒவ்வொரு முறையும் திறந்து மூடுவதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஏறும் முன் அரைவயிற்றுக்குக் கொடுங்கள். விமானம் தரையிறங்குவதற்கு ஏறக்குறைய அரை மணித்தியாலத்துக்கு முன்னமே கீழே இறங்கத் தொடங்கிவிடும். ஒன்றரை மணித்தியாலப் பறப்பில் அது கிளம்பி ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும். என்ஜின் சத்தம் அடங்கி, உங்கள் காதிலும் அடைப்புத் தெரியும். அந்த நேரத்துக்கு மார்பில் போட்டுக் கொள்ளுங்கள். நித்திரையாக இருந்தாலும் வாயில் வைத்தால் போதும், நித்திரையிலேயே சூப்புவாள். பால் வேண்டாம் என்றால் கரண்டித் தண்ணீர். ஆறு மாதம் தாண்டிய பிள்ளை, பயமில்லை. எதுவுமே எடுபடாமல் அழுதால் அழட்டும். அழும்போதும் குழாய் திறக்கும்.

காய்ச்சலோ கடுமையான தடிமனோ இருந்தால் இரண்டு நாளுக்கு முன்னமே பிள்ளையின் காதை வைத்தியரிடம் காட்டுங்கள். நடுக்காதில் கிருமித்தொற்று இருந்தால் வலி கடுமையாக இருக்கும். மூச்சு வேகமாக வாங்கினால், பால் குடியாமல் விட்டால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அண்ணன் கோபிக்க மாட்டார்.

இனி நான் உண்மையில் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். உங்களுக்கு விமானம் ஒன்றரை மணித்தியாலம். களுவாஞ்சிகுடியில் இருந்து கட்டுநாயக்காவுக்குப் போக எட்டு மணித்தியாலம் எடுத்தாலும் எடுக்கும். நம் பகுதித் தாய்மார் வானத்தை நினைத்துப் பயந்து வீதியை மறந்துவிடுகிறார்கள். இரவு பஸ்ஸில் ஏறி, விடிய எயார்போர்ட்டில் இறங்கி, அப்படியே விமானம் ஏறுவது தனியாளுக்கே களைப்பு. கைப்பிள்ளையோடு வேண்டாம். முடிந்தால் முதல் நாள் பகலிலேயே கிளம்பி, நீர்கொழும்பிலோ கட்டுநாயக்காவிலோ ஓர் இரவு தங்குங்கள். கொழும்புக்குள் போகத் தேவையில்லை. பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் பாதையால் நேரே நீர்கொழும்புப் பக்கம் இறங்கலாம். ஹபரணைப் பக்கம் இரவில் யானை நிற்கும், அதற்காகவும் பகல் நல்லது. வேன் பிடித்துப் போவதென்றால் முன் ஆசனத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பின் ஆசனத்தில் இருந்து உங்கள் ஆசனப் பட்டியை மாட்டுங்கள். பட்டி உங்களுக்கு மட்டும், பிள்ளையையும் சேர்த்துக் கட்டக் கூடாது. சடுதியாகப் பிரேக் பிடித்தால் உங்கள் பாரம் அவளை நசுக்கும். பிள்ளைக்கென்று காரில் பூட்டும் இருக்கை யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்துகிற இடத்தில் பால் கொடுத்து, நீங்களும் தேத்தண்ணி குடித்து, நாலு அடி நடங்கள்.

எயார்போர்ட் வாசல்வரை வர ஒரு மச்சானோ சித்தப்பாவோ கிடைப்பார். வாசலுக்கு அங்கால் நீங்களும் பிள்ளையும் மட்டும். அங்கேதான் இரண்டு கை போதாமல் வரும். அதனால் தோளில் ஒரு முதுகுப்பை, நெஞ்சில் பிள்ளையைக் கட்டும் துணித்தொட்டில், இடுப்பில் ஒரு சின்னப் பை, இவ்வளவும்தான். பெரிய பெட்டியை வந்தவுடனேயே கவுண்டரில் கொடுத்துவிடுங்கள். தள்ளுவண்டி நாலு நாளுக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பாதுகாப்புச் சோதனையில் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் வண்டியை மடக்குவதையும் வைத்துக்கொண்டு தாய்மார் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இடுப்புப் பையில் இரண்டு கடவுச்சீட்டும் (பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டு, தனி இந்திய விசா வேண்டும்), பிறப்புச் சான்றிதழின் பிரதியும், தகப்பன் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் இருக்கட்டும். கடிதத்தைக் கேட்காமலும் விடலாம், கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கொண்டு போக முடியாது என்ற சட்டம் பிள்ளையின் பாலுக்கும் கொதித்தாறின தண்ணீருக்கும் கஞ்சிக்கும் இல்லை, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டு போகலாம். பையின் மேலேயே வைத்து, கேட்கும் முன் எடுத்துக் காட்டுங்கள். தாய்ப்பால் மட்டும்தானா, மாப்பாலும் கொடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாப்பால் என்றால் மாவை அளந்து காய்ந்த டப்பாவிலும் கொதிநீரைச் சுடுதண்ணிப் போத்தலிலும் தனித்தனியாக வையுங்கள். தேவைப்படும்போது கரைத்து, ஆற்றி, கையில் சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்து இரண்டு மணித்தியாலம் போன பாலையும், குடித்து மிஞ்சிய பாலையும் ஊற்றிவிடுங்கள். நம் வெக்கையில் அதை வைத்திருக்கக் கூடாது.

மலசலகூட விஷயத்தை எந்தத் தாயும் என்னிடம் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். அதனால் தண்ணீரே குடியாமல் போகிறார்கள். பிறகு தலையிடி, பால் குறைவு, மயக்கம். தங்கச்சி, தண்ணீர் குடியுங்கள். விமானம் ஏறக் கூப்பிடுவதற்குச் சற்று முன், பிள்ளை நெஞ்சில் கட்டியபடியே போய் வாருங்கள். துணித்தொட்டில் அதற்குத்தான் மிகவும் உதவும். அப்போதே பிள்ளைக்குப் புதுப் பம்பர்ஸ் மாற்றினால் சென்னை வரை தாங்கும். விமானத்துக்குள் அவசரம் வந்தால் விமானப் பணிப்பெண்ணிடம் கேளுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஒரு தாயிடம், அவ தன் ஆசனத்தில் இருந்தபடி ஐந்து நிமிடம் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள். பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் பிள்ளையை யாரும் கொண்டுபோக முடியாது. ஆனால் தரையில், எயார்போர்ட் மண்டபத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடமும் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், எவ்வளவு நல்ல முகமாக இருந்தாலும் சரி.

ஆசனம் யன்னலோரம் கேளுங்கள். சேலையாலோ ஷோலாலோ மூடிக்கொண்டு பால் கொடுக்க வசதி, சாப்பாடு கொண்டுவரும் வண்டி பிள்ளையின் காலில் இடிக்காது. கைப்பிள்ளைக்காரர் எல்லாரையும் ஒரே வரிசையில் இருத்த மாட்டார்கள். ஏனென்றால் ஒட்சிசன் முகமூடி பொதுவாக ஒவ்வொரு வரிசையிலும் ஆசனங்களை விட ஒன்றிரண்டுதான் கூட இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் துணித்தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுத்து, பணிப்பெண் தருகிற சின்னப் பட்டியை உங்கள் பட்டியில் கோத்து அவளுக்குப் போட வேண்டும். எப்படி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், விமானத்தில் சூடாகத் தேத்தண்ணி வாங்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் வாங்கினாலும் பிள்ளையை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். எட்டு மாதப் பிள்ளையின் கை கண்ணிமைக்க முன் நீளும். வெந்த நெஞ்சோடு எத்தனையோ பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். அநேகமாக எல்லாமே தாயின் மடியில் இருந்தபடி இழுத்த கோப்பைதான்.

அழுதால் ஏசுவார்களோ என்று கேட்டீர்கள். ஒருவர் இருவர் திரும்பிப் பார்க்கலாம். சென்னை விமானத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள், வைத்தியத்துக்குப் போகிறவர்கள், சாமான் வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர். பாதிப் பேர் பிள்ளை வளர்த்தவர்கள். உங்களிடம் பேசாமல் இருப்பவரும் மனத்துக்குள் தன் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். உங்கள் கண் பிள்ளையில் இருக்கட்டும். நீங்கள் பதறினால் அவளுக்கு அது தெரியும்.

வாந்திக்கு இரண்டு உடுப்பு பிள்ளைக்கு, ஒரு சட்டை உங்களுக்கு. தாய்க்கு மாற்றுடுப்பு வைக்க எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

மருந்து. பரசிட்டமோல் சிரப்பை இங்கிருந்தே கொண்டு போங்கள், சென்னையில் வாங்காதீர்கள். காரணம் இருக்கிறது. இங்கே நாம் கொடுப்பது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப். இந்தியாவில் அதே 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ளதும், 1 மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டுமருந்தும் விற்கிறார்கள். வழக்கமாகக் கொடுக்கிற கரண்டியால் அதைக் கொடுத்தால் இரட்டிப்பாகவோ நாலு மடங்காகவோ போய்விடும், ஈரல் கெடும். ஒரு தரத்துக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஏழரைக் கிலோப் பிள்ளைக்கு நம் சிரப்பில் நாலரை மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு தரத்துக்கு மேல் இல்லை. மருந்தோடு வருகிற ஊசிக்குழாயால் அளந்து கொடுங்கள், தேத்தண்ணிக் கரண்டியால் அல்ல. இருமல் சிரப் எங்கேயும் வாங்க வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்துப் பச்சைப் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நல்ல சிரப் என்றாலும் இந்த வயதில் அதனால் பயன் இல்லை. ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் இரண்டு பைக்கட் போடுங்கள், வயிற்றோட்டம் வந்தால் பைக்கட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

இன்னொன்று, இதை டிக்கெட் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். நம் நாடு 2016இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. சென்னையில் மலேரியா இன்னும் இருக்கிறது. போகும் முன் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அல்லது பிராந்திய மலேரியாத் தடுப்புப் பிரிவில் பயண விவரத்தைச் சொல்லுங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள், தேவையென்றால் இலவசமாகத் தருவார்கள். அங்கே வலைக்குள் படுங்கள். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் உங்களுக்கோ பிள்ளைக்கோ காய்ச்சல் வந்தால், கேட்காவிட்டாலும் "இந்தியாவுக்குப் போய் வந்தனான்" என்று வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். மகளுக்கு ஒன்பது மாதத்தில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசி. நீங்கள் திரும்பிய கையோடு அந்த நாள் வந்துவிடும், குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே திகதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை இந்தியாவில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த ஊசியைப் பிந்த விட வேண்டாம்.

கடைசியாகக் கலியாண வீடு. எட்டு மாதம் என்பது பிள்ளை முகம் பார்க்கிற வயது. இப்போது சிரித்துக்கொண்டு எல்லாரிடமும் போகிறவள், அடுத்த மாதம் புதுமுகம் கண்டால் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். அது வளர்ச்சி, வருத்தமில்லை. அங்கே மாமி, மாமா, பெண் வீட்டுக்காரர் என்று கைக்குக் கை மாற்றத்தான் பார்ப்பார்கள், கன்னத்தில் கொஞ்சுவார்கள், தடிமன் உள்ளவரும் கொஞ்சுவார். "கை கழுவிப்போட்டுத் தூக்குங்கோ, முகத்தில கொஞ்ச வேண்டாம்" என்று நீங்கள் சொல்லக் கூச்சப்பட்டால் உங்கள் அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். சென்னைக்கும் நமக்கும் நேரம் ஒன்றுதான், ஆகவே அவள் பால் குடிக்கிற, குளிக்கிற, படுக்கிற நேரத்தை அங்கேயும் அப்படியே வையுங்கள். தாலி கட்டுகிற நேரம் அவளுடைய நித்திரை நேரமாக இருந்தால் ஒரு மூலை அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவள் வீட்டில் விரித்துப் படுக்கிற பழைய சேலைத்துணி ஒன்று இருக்குமே, அதையும் பையில் வையுங்கள். பயணம் என்று துவைத்துவிடாதீர்கள். உங்கள் வாசனையும் வீட்டு வாசனையும் அதில் இருக்க வேண்டும்.